ஒரு லிட்டர் தண்ணீர்

போன மாதம் நாற்பத்து மூன்று.
இந்த மாதம் நாற்பத்து நான்கு ஆகியே தீரவேண்டுமென்று
பாடாங் செராய் கிளினிக் வாசலில் நின்று
ஒரு லிட்டர் பாட்டிலை முழுசாகக் குடித்தேன்.
சட்டைப் பையில் வீட்டுச் சாவி, மோட்டார் சாவி,
இருபது காசு, ஐம்பது காசு,
கைப்பேசி.

"கோமளா, பாக்கெட்" என்றாள் நூராய்னி மிஸ்ஸி
தலையைத் தூக்காமலே.
எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன்.
செருப்பையும் கழற்றினேன்.
நாற்பத்து நான்கு.
ரோஸ் நிறப் புத்தகத்தில் எழுதினாள்.
அதில் ஒரு கிலோ வெறும் தண்ணீர் என்பது
எனக்குத் தெரியும்,
என் மூத்திரப்பைக்கும் தெரியும்.

ஸ்கேனுக்கு மூவாயிரத்துப் பதினேழாவது எண்.
ஓடுவது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

"புருஷன் சோறு போடுறானா இல்லியா?"
பாசாரில் கீரைக்கட்டோடு சேர்த்துக் கொடுத்தாள் மங்களேஸ்வரி.
போடுகிறான்.
காலையில் நாசி லெமாக், பத்து மணிக்கு முட்டை,
நடுச்சாமம் எழுப்பி
கட்டிப்பால் ஊற்றிய மைலோ.
நான் வைத்த மீதியைத் தின்று தின்று
குணாளனுக்குத்தான் கால்சட்டை பத்தவில்லை.
அவனுக்கு எத்தனையாவது மாதம் என்று
மில்லில் கேட்கிறார்களாம்.

பள்ளியில் எனக்கு ஈர்க்குச்சி என்று பெயர்.
கல்யாணப் புடவை என்னை
இரண்டு முறை சுற்றி வந்தும்
மடிப்பு வைக்கத் துணி மிச்சமிருந்தது.
அம்மாவும் இப்படித்தான் இருந்தாளாம்,
மூன்று பேரைப் பெற்றும் இப்படியேதான்.
அவளை யாரும் எடை போடவில்லை.
எஸ்டேட்டில் அவள் பால்வாளிக்குத்தான் தராசு.
தண்ணீர் கலந்திருக்கிறாளா என்று
கோல் விட்டுப் பார்ப்பார்கள்.

இன்று வந்திருந்தால்
என்னைப் பிடித்திருப்பார்கள்.

இரவில் மட்டும் பயமாக இருக்கும்.
குணாளன் தூங்கியதும்
விலா எலும்பைத் தடவி எண்ணுவேன்.
இந்த வீட்டில் சேமித்து வைத்தது ஒன்றுமில்லையே,
எனக்குப் பசிக்காத நாளில்
உள்ளே இருப்பது எதை எடுத்துத் தின்னும்?
எழுந்து போய் இருட்டில்
பிஸ்கட் டின்னைத் திறப்பேன்.
பசியில்லாமல் தின்பது
வேலைக்குப் போவது மாதிரி.

மூவாயிரத்து இரண்டு.
காலைக் காலோடு பின்னி உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை கூலிமில், கையுறைத் தொழிற்சாலையில்.
ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சிலவற்றை எடுத்து
வாயில் குழாய் செருகி
ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம்.
இரண்டு நிமிடம்.
விரல்கள் ஐந்தும் வீங்கி
பலாச்சுளை போல நிற்கும்.
அவ்வளவு மெல்லிய ரப்பர்,
எதிர்ப்பக்கம் நிற்பவளின் மூக்குத்தி தெரியும்.
எது ஒழுகும் என்று கண்ணால் சொல்ல முடியாது.
தடித்ததும் ஒழுகியிருக்கிறது.
நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை,
துளி விழும் இடத்தைத்தான் பார்ப்பேன்.

மூவாயிரத்துப் பதினேழு.

டாக்டர் முதலில் டேப்பை வைத்தார்.
இருபத்தெட்டு வாரம், இருபத்தேழு செண்டி.
பிறகு அந்தக் குளிர்ந்த பசை.
"ஒரு கிலோ நூறு" என்றார்.
"நல்லா வளருது. நீங்கதான் வளரலை."
சிரிக்கவேண்டுமா என்று தெரியவில்லை.
அவர் கையிலிருந்தது எங்கள் கம்பெனிக் கையுறை,
கட்டைவிரல் மடிப்பை வைத்துச் சொல்லிவிடுவேன்.
இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொன்னார்.
பால்மாவுக்குச் சீட்டு எழுதினார்.
வாங்கிக்கொண்டேன்.
கழிவறைக்கு ஓடினேன்.

நாற்பத்து மூன்று ஆனேன்.

சட்டையை இறக்கிவிடப் போகும்போதுதான்
தொப்புளுக்கு இடப்பக்கம்
புளியங்கொட்டை அளவு ஒன்று எழும்பியது.
குதிகால்.
தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை,
கண்ணுக்கே தெரிந்தது.
தோலுக்கு அடியில் மெதுவாக நகர்ந்து
வலப்பக்கம் போய் ஒருமுறை நின்று
அமுங்கியது.
மறுபடி வருமா என்று
சட்டையைப் பிடித்தபடியே நின்றேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.
அவளும் வயிற்றுக்காரியாகத்தான் இருக்கவேண்டும்,
அவளும் குடித்துவிட்டு வந்திருக்கலாம்.
"இருங்க" என்றேன்,
"ரெண்டு நிமிஷம்."